ஸ்பானிய மொழி: ஆட்சி போனபின் பரந்த மொழி

உலகத்தில் மிகக் கூடுதலானோர் தாய்மொழியாகப் பேசும் மொழி எது என்று கேட்டால் சீனம் என்று எவரும் சொல்வர். இரண்டாவது மொழி எது? ஆங்கிலம் என்றே பலர் விடை கூறுவர். அது சரியன்று. இரண்டாம் மொழியாகக் கற்றுப் பேசுவோரையும் சேர்த்தால்தான் ஆங்கிலம் முன்னுக்கு வரும். தாயின் மடியில் கற்ற மொழி என்று பார்த்தால் சீனத்துக்கு அடுத்தபடி நிற்பது ஸ்பானிய மொழியே. ஏறக்குறைய 50 கோடி மக்களுக்கு அது தாய்மொழி. 20 நாடுகளில் அது அரச மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோக மொழிகளில் அதுவும் ஒன்று.

இந்த 50 கோடிப் பேரில் ஸ்பெயின் தேசத்தில் வாழ்வோர் பத்தில் ஒருவர் அளவே. நால்வரில் ஒருவர் மெக்சிக்கோவில் வாழ்கிறார். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கியூபா முதலிய தீவுகள், ஆபிரிக்காவில் எக்குவற்றோறியல் கினி என்ற சிறு நாடு என்று மற்றவர்கள் பரந்திருக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவிலும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டிலே ஸ்பானியம் பேசுகின்றனர்.

ஒரு மொழி இவ்வளவு தூரம் பரவியது எப்படி? "ஸ்பானியர் வாளோடு போனார்கள், நாடுகளைப் பிடித்தார்கள், மொழியைத் திணித்தார்கள்" என்பதே வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. ஒரு மொழி எதனால் வளர்கிறது, எதனால் அழிகிறது என்பதை அறிய விரும்பும் எவருக்கும் ஸ்பானிய மொழியின் வரலாறு நல்ல பாடம். அதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

இலத்தீனின் பிள்ளை

உரோமர் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் போர்வீரரும் வியாபாரிகளும் பேசிய கொச்சை இலத்தீனே ஸ்பானியத்தின் தாய். எங்கள் கோவில்களில் முன்னர் இலத்தீனிலே செபம் சொல்லிப் பழகிய முதியோர் இதனை உடனே உணர்வார்கள். "பாத்தேர்" என்ற இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் "பாத்ரே" ஆயிற்று. தாயைக் குறிக்கும் "மாத்தேர்", "மாத்ரே" ஆயிற்று. தண்ணீர் "அக்குவா", "அகுவா" ஆயிற்று.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இந்தப் பேச்சு ஊருக்கு ஊர் மாறியது. ஸ்பெயினின் வடபகுதியில் சான் மில்யான் என்ற இடத்திலிருந்த மடத்திலே, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு துறவி இலத்தீன் நூலொன்றை வாசித்தபோது கடினமான சொற்களுக்கு ஓரத்திலே மக்கள் பேச்சில் பொருள் எழுதிவைத்தார். ஸ்பெயினின் மக்கள் பேச்சு எழுத்தில் வந்த மிகப் பழைய சான்றுகளுள் அவ்வோரக் குறிப்புகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் இரண்டு குறிப்புகள் பாஸ்க் என்ற வேறொரு மொழியில் இருப்பது கவனிக்கத்தக்கது. பக்கத்திலே இன்னொரு மொழி இல்லாமல் ஸ்பானியம் எக்காலத்திலும் வாழ்ந்ததில்லை.

கஸ்தில்யா என்ற இராச்சியத்தின் பேச்சு மற்றவற்றை முந்திக்கொண்டது. அதனால் இன்றும் இம்மொழியைக் "கஸ்தெல்யானோ" என்றே பலர் அழைப்பர். 1252 முதல் 1284 வரை அரசாண்ட பத்தாம் அல்போன்சு மன்னன் இலத்தீனை விட்டுச் சட்டத்தையும் வானசாஸ்திரத்தையும் இம்மொழியிலே எழுதுவித்தான். கிறிஸ்தவரும் யூதரும் முஸ்லிம்களும் சேர்ந்து அவனுக்காக அரபு நூல்களை மொழிபெயர்த்தார்கள். 711ஆம் ஆண்டு தொடங்கி முஸ்லிம் அரசுகள் ஸ்பெயினில் நிலவியதால் அரபுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்துள்ளன. சீனி, பருத்தி, அரிசி ஆகியவற்றுக்கு இன்றும் ஸ்பானியர் வழங்குவது அரபு வழி வந்த சொற்களே.

தமிழருக்கு இலகுவான மொழி

இம்மொழியின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்வோம். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடி வாசிக்கலாம், ஆங்கிலத்தைப்போல எழுத்து ஒன்றும் ஒலி வேறொன்றுமாக எம்மை ஏமாற்றாது.

ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலேயருக்கு விளக்குவது பெரும்பாடு. தமிழருக்கு அது சிறு வயதுப் பாடம். ஸ்பானியத்தில் "பெரோ" என்றால் "ஆனால்". "பெறோ" என்று நாவை அழுத்தி உருட்டினால் "நாய்". எமது ஞகரமும் அங்கே உண்டு. இலத்தீன் எழுத்து "ன"வின் தலைமேல் சிறு நெளிகோடு இட்டு அதை எழுதுவர். அக்காலத்தில் இரண்டு "ன" எழுதவேண்டிய இடத்தில், எழுதுவோர் ஒன்றின்மேல் மற்றதைச் சிறிதாகப் போட்ட வழக்கமே இந்த நெளிகோடாயிற்று. "எஸ்பாஞா" என்பதே அவர்கள் தமது நாட்டுக்கு வழங்கும் பெயர்.

நாம் நீ என்றும் நீங்கள் என்றும் வேறுபடுத்துவதுபோல அவர்களும் நெருங்கியவரை "தூ" என்பர். மதிப்புக்குரியவரை "உஸ்தெத்" என்பர். "தங்கள் கருணை" என்று பொருள்படும் பழைய மரியாதைத் தொடரே தேய்ந்து உஸ்தெத் ஆயிற்று. ஒன்று மட்டும் எமக்குச் சிரமம். தமிழில் உயிரற்ற பொருள் அஃறிணை. அங்கோ புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால்.

மேசை என்றதும் ஒரு விடயம். ஸ்பானியத்தில் மேசைக்கு "மேசா" என்றும், சப்பாத்துக்குச் "சப்பாத்தோ" என்றும், வாங்குக்குப் "பாங்கோ" என்றும் பெயர். இச்சொற்கள் எமக்கு ஸ்பானியரிடமிருந்து வந்தவையல்ல; அவர்களுடைய அயலவரான போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை. இரண்டும் சகோதர மொழிகளானதால் எங்கள் வீட்டுத் தளபாடத்தின் பெயரே அங்கும் இருக்கிறது.

1492ஆம் ஆண்டு

ஸ்பானியத்தின் வரலாற்றில் மறக்கமுடியாத ஆண்டு 1492. சனவரியில் கிரனாடா வீழ்ந்தது. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிந்தது. மார்ச் மாதக் கடைசியில் யூதர் அனைவரும் கிறிஸ்தவராகவேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. ஆகஸ்டில் கொலம்பஸ் கப்பலேறினார். ஒக்டோபர் 12இல் புதிய உலகின் தீவொன்றில் இறங்கினார். இவற்றின் நடுவே, அதே ஆகஸ்டில், சலமாங்கா நகரில் நெப்ரிகா என்ற அறிஞர் கஸ்தில்யா மொழியின் இலக்கண நூலை அச்சிட்டு இசபெல்லா அரசிக்குக் காணிக்கையாக்கினார். மொழியும் பேரரசும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகவே தளரும் என்பது அவருடைய கருத்து.

அவருடைய கருத்து சரியா? அடுத்த ஐந்நூறு ஆண்டு வரலாறு அதைப் பலமுறை சோதித்துப் பார்த்தது.

முந்நூறு ஆண்டு ஆட்சியில் நடந்தது என்ன?

முதலில் நேர்ந்தது பேரழிவு. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தயினோ மக்கள் கொடிய வேலையாலும் ஐரோப்பியர் கொண்டுசென்ற நோய்களாலும் சில தலைமுறைகளுக்குள் மடிந்தனர். அவர்கள் மொழியும் அவர்களோடு போயிற்று. தோணியைக் குறிக்கும் "கனோவா", சோளத்தைக் குறிக்கும் "மயிஸ்" முதலிய சில சொற்களே ஸ்பானியத்தின் வாயில் எஞ்சின.

பெருநிலத்திலே நிலைமை வேறு. மெக்சிக்கோவில் நாவாத்தல் மொழியும் பெருவில் கெச்சுவா மொழியும் இலட்சக்கணக்கானோர் பேசிய மொழிகள். அங்கு சென்ற குருக்கள் சுதேசிகளுக்கு ஸ்பானியம் கற்பித்து முடித்துப் பின் வேதம் போதிப்பது நடவாத காரியம் என்று கண்டார்கள். ஆகவே தாங்களே சுதேச மொழிகளைக் கற்றார்கள். அலோன்சோ தே மொலினா என்ற பிரான்சிஸ்கு சபைக் குருவின் நாவாத்தல் அகராதி 1555இல் மெக்சிக்கோவில் அச்சாயிற்று. தொமிங்கோ தே சாந்தோ தோமாஸ் என்ற தொமினிக்கு சபைக் குருவின் கெச்சுவா இலக்கணம் 1560இல் வெளிவந்தது. தென் அமெரிக்காவில் அச்சான முதற் புத்தகம் 1584இல் லீமா நகரில் வெளிவந்த ஞானோபதேசம். அது ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. ஏறக்குறைய இதே காலத்திலேதான், 1578இல், கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழில் அச்சேறியது என்பதை வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுதேசிகள் ஸ்பானியம் பேசும்படி கட்டாயப்படுத்தவேண்டும் என்று ஆலோசகர்கள் 1596இல் கேட்டபோது, இரண்டாம் பிலிப்பு மன்னன் அதற்கு இணங்கவில்லை. விரும்பியவர்களுக்கு ஆசிரியர்களை வைத்தாற் போதும் என்றான். 1770இல் மூன்றாம் சார்ள்சு மன்னனே சுதேச மொழிகள் ஒழிந்து ஸ்பானியம் ஒன்றே பேசப்படவேண்டும் என்று கட்டளையிட்டான். ஆனால் கட்டளையை நிறைவேற்றப் பாடசாலைகள் எங்கே? ஆசிரியர்கள் எங்கே? அரை நூற்றாண்டுக்குள் அவனுடைய பேரரசின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று.

1821இல் மெக்சிக்கோ சுதந்திரம் பெற்றபோது, முந்நூறு ஆண்டு ஸ்பானிய ஆட்சியின் பின்னும், அதன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் சுதேச மொழிகளையே பேசினர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே சுதேச மொழி பேசுவோர் நூற்றுக்கு ஆறு பேர் மாத்திரம். அப்படியானால் பெரிய மாற்றம் எப்போது நடந்தது? ஸ்பானியர் ஆட்சியை விட்டுச் சென்றபின்! புதிய குடியரசுகள் "ஒரே நாடு, ஒரே மொழி" என்று எண்ணின. சட்டம், நீதிமன்றம், பட்டாளம், பத்திரிகை எல்லாம் ஸ்பானியத்தில் நடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடசாலை வந்தது. தாய்மொழியிலே கதைத்த பிள்ளைக்கு வகுப்பிலே தண்டனை கிடைத்தது. ஆர்ஜென்ரீனாவில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியரின் பிள்ளைகளும் அப்பள்ளிகளிலே ஸ்பானியராகவே பேசப் பழகினர்.

இக்காலத்தில் ஒருவர் செய்த பணியை மறக்கலாகாது. வெனிசுவேலாவில் பிறந்து சிலி நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் அதிபராக விளங்கிய அந்திரேஸ் பெல்யோ, இலத்தீன் சிதறிப் பல மொழிகளானதுபோல ஸ்பானியமும் நாட்டுக்கொரு மொழியாகச் சிதறிவிடுமோ என்று அஞ்சினார். 1847இல் அமெரிக்கர்களுக்கென்றே ஓர் இலக்கணம் எழுதினார். ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட நாடுகள் அரசைத் துறந்தன, மொழியைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. பேரரசு தளர்ந்தால் மொழியும் தளரும் என்ற நெப்ரிகாவின் கணக்கு இங்கே பிழைத்தது.

ஆட்சி இருந்தும் நிலைக்காத இடம்

இனி ஆசியாவுக்கு வருவோம். பிலிப்பைன் தீவுகளை 1565 முதல் 1898 வரை, 333 ஆண்டுகள், ஸ்பெயின் ஆண்டது. மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். ஆனால் ஸ்பானிய மொழி பேசுவோராகவில்லை. குருக்கள் தகலோக்கு, விசாயா முதலிய மொழிகளிலே பிரசங்கித்தார்கள். ஸ்பெயினிலிருந்து குடியேறியவர் மிகச் சிலர். எல்லாருக்கும் ஆரம்பப் பாடசாலை என்ற சட்டமே 1863இல்தான் வந்தது. கற்றவர்கள் சிலர் ஸ்பானியத்தில் எழுதினர். நாட்டின் விடுதலை உணர்வைத் தட்டியெழுப்பிய ஹோசே றிசாலின் நாவல்கள் ஸ்பானியத்தில் எழுதப்பட்டவையே. ஆனால் சாதாரண மக்களின் வீட்டுக்குள் அம்மொழி நுழையவில்லை. 1898இல் அமெரிக்கர் வந்து ஆங்கிலப் பாடசாலைகளைத் திறந்ததும் அது மெல்ல மறைந்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதற்கு உத்தியோக மொழி என்ற இடமும் இல்லாமற் போயிற்று.

ஆனால் சம்போவாங்கா என்ற தென்பகுதி நகரில் ஸ்பானியமும் சுதேச மொழிகளும் கலந்த சவக்கானோ என்ற பேச்சு இன்றும் வாழ்கிறது. அது அங்கே வீட்டு மொழி. மட்டக்களப்புப் பறங்கியர் இல்லங்களில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி எத்தனை காலம் நிலைத்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

ஆட்சி இல்லாமலே நிலைத்த இடம்

1492இல் துரத்தப்பட்ட யூதர்களை நினைவிற் கொள்ளுங்கள். அவர்களிற் பலருக்குத் துருக்கிச் சுல்தானின் நாடு அடைக்கலம் கொடுத்தது. சலோனிக்கா, இஸ்தான்புல், இஸ்மீர் முதலிய நகரங்களில் குடியேறினார்கள். தங்களைத் துரத்திய நாட்டின் மொழியை அவர்கள் வெறுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. அரசனும் பட்டாளமும் இல்லாமல், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, தாய் பிள்ளைக்குச் சொல்லி அதைக் காத்தார்கள். லதீனோ எனப்படும் அந்த மொழியிலே, ஸ்பெயினில் மறைந்துபோன 15ஆம் நூற்றாண்டின் ஒலிகள் சில இன்றும் கேட்கின்றன. 1981இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற எலியாஸ் கனெத்தி ஜேர்மன் மொழியில் எழுதியவர். பல்கேரியாவிலே பிறந்த அவரது முதல் மொழி லதீனோ.

அதற்கும் தளர்ச்சி வந்தது. 1860இல் பாரிசில் அமைந்த யூதர் சங்கமொன்று அந்நகரங்களிலே பிரெஞ்சுப் பாடசாலைகளைத் திறந்தபோது, வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளோடு பிரெஞ்சு பேசத் தொடங்கின. பின்னர் 1943இல் நாசிகள் சலோனிக்கா யூதரில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை அவுஷ்விற்சு கொலைமுகாமுக்கு இரயிலேற்றினர். பேசும் மக்களையே கொன்றால் எந்த மொழிதான் தப்பும்? ஸ்பெயின் 2015இல் சட்டம் இயற்றி, அன்று வெளியேற்றப்பட்டோரின் சந்ததியாருக்குக் குடியுரிமை கோர வழி செய்தது. 523 ஆண்டுகளுக்குப் பின் வந்த நீதி அது.

வென்றவரின் மொழியோடு கூடவே வாழ்ந்த மொழி

தென் அமெரிக்காவின் நடுவே பரகுவே என்ற நாடு. அங்கே பொன்னும் வெள்ளியும் இல்லை. ஆகவே வந்த ஸ்பானியரும் குறைவு. வந்தவர்கள் குவரானி இனப் பெண்களோடு குடும்பமாயினர். பல பெண்களுக்கு அதில் விருப்பம் கேட்கப்படவுமில்லை. தகப்பன் ஸ்பானியன், ஆனால் பிள்ளையைத் தாலாட்டியது குவரானி. யேசுசபைக் குருக்கள் 1609 முதல் 1767 வரை நடத்திய குடியிருப்புகளிலும் குவரானியே வழங்கியது; அம்மொழியில் புத்தகங்கள் அச்சாயின. பின்னாளில் பரகுவேயிலும் பாடசாலையில் குவரானி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் வீட்டுக்கு வந்ததும் தாயும் தகப்பனும் அதிலேயே பேசினர். 1932 முதல் 1935 வரை பொலிவியாவோடு நடந்த யுத்தத்தில் இரகசியச் செய்திகளுக்குக் குவரானி உதவியது. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு இரண்டையும் சம உத்தியோக மொழிகளாக்கியது. இன்று அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர், சுதேச இனத்தவரல்லாதோருங்கூட, குவரானி பேசுகின்றனர். ஸ்பானியமும் பேசுகின்றனர்.

இனிப் பெருவைப் பாருங்கள். கெச்சுவா ஒரு காலத்தில் இன்கா பேரரசின் மொழி. இன்றும் பல இலட்சம் பேர் பேசுகின்றனர். 1975இல் அரசு அதை உத்தியோக மொழியாக்கியது. ஆனால் மலையிலிருந்து லீமா நகருக்கு வேலை தேடி வந்த பெற்றோர் பலர், பிள்ளைகளை மற்றவர்கள் ஏளனம் செய்வார்கள் என்று பயந்து அவர்களோடு கெச்சுவா பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயம் காரணமில்லாத பயமன்று. அவர்களைக் குறைகூறுவதிலும் பார்க்க, ஏளனம் செய்தவர்களைக் கேட்பதே நியாயம். ஆனாலும் சட்டம் கொடுத்த இடத்தை வீடு கொடுக்கமுடியாமற் போனதன் விளைவை இன்று காண்கிறார்கள்: பாட்டியின் பேச்சு பேரனுக்கு விளங்கவில்லை.

ஸ்பெயினுக்குள்ளும் இதே கேள்வி உண்டு. முத்துக்குளித்துறையில் தமிழ் மக்களிடையே பணியாற்றிய அர்ச். சவேரியாரை நாம் ஸ்பானியர் என்கிறோம். அவரது தாய்மொழி ஸ்பானியமன்று. நவாரா நாட்டின் பாஸ்க் மொழி. 1544இல் எழுதிய கடிதத்தில், இம்மக்களின் மொழி வேறு, என் மொழி பாஸ்க், ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்ற கருத்தை அவரே தெரிவித்திருக்கிறார். அந்தப் பாஸ்க் மொழிக்கும் கத்தலான் மொழிக்கும் பிராங்கோவின் ஆட்சியிலே, 1939 முதல் 1975 வரை, பாடசாலையிலும் அரச அலுவல்களிலும் இடமிருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவற்றுக்கு அவ்வப் பிரதேசங்களில் உத்தியோக நிலை அளித்தது. வீடுகளில் அவை உயிரோடு இருந்தபடியாற்றான் மீட்பதற்கு ஏதோ இருந்தது.

நாம் கற்பது என்ன?

வாசகர்களே, இவற்றை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். பிலிப்பைன் தீவுகளில் ஆட்சி இருந்தது, வீடு இருக்கவில்லை, மொழி போயிற்று. சலோனிக்காவில் வீடு இருந்தது, ஆட்சி இருக்கவில்லை. மொழி நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. மெக்சிக்கோவில் ஆட்சி சாதிக்காததைப் பாடசாலை சாதித்தது. ஏனெனில் பாடசாலை வழியாக மொழி வீட்டுக்குள் போயிற்று. வாளால் ஒரு மொழிக்குப் பாதை திறக்கலாம். அது தங்குவதா, புறப்படுவதா என்பது அடுப்படியில், பெற்றோரும் பிள்ளைகளும் பேசும் பேச்சில் தீர்மானமாகிறது.

இரண்டாவது பாடமும் முக்கியமானது. வேறு மொழி கற்றால் சொந்த மொழி கெட்டுப்போகும் என்பார் உளர்; சொந்த மொழியை விட்டால்தான் வேறு மொழி வரும் என்பாரும் உளர். இரு சாராருக்கும் பரகுவே விடை கூறுகிறது. 2025ஆம் ஆண்டு மே 8ஆந் திகதி தெரிவுசெய்யப்பட்ட பாப்பரசர் பதினான்காம் லியோ, ஐக்கிய அமெரிக்காவில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். அன்று மாலை உரோமையிலே மாடத்தில் நின்று, இத்தாலிய மொழிப் பேச்சின் நடுவே, தாம் ஆயராகப் பணிசெய்த பெருநாட்டுச் சிக்லாயோ மக்களை ஸ்பானியத்தில் வாழ்த்தினார். அம்மக்களிடையே வாழ்ந்து பழகிய மொழி அது.

ஆகவே ஸ்பானியம் படிக்க வசதியுள்ள இளைஞர்கள் தயங்காமல் படியுங்கள். ரகர றகரம் ஏற்கெனவே உங்கள் நாவில் இருக்கிறது, ஞகரமும் இருக்கிறது. 20 நாடுகளின் மக்களோடு நேருக்கு நேர் பேச வழி பிறக்கும். படித்து முடித்து வீட்டுக்கு வந்தபின், பாட்டியோடு பாட்டியின் மொழியிலே பேசுங்கள்.